ஆடல் பாடலுக்கு அனுமதி: மதுரை வட்டார விழாக் கமிட்டிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளையின் வாசலில் நின்று பாருங்கள். மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு நான்கைந்து பேர் வழக்கறிஞரைத் தேடி அலைந்துகொண்டிருப்பார்கள். நிலத் தகராறோ அடிதடி வழக்கோ இல்லை. நாளை மறுநாள் ஊரில் ஆடல் பாடல், அதாவது சினிமாப் பாட்டுக்கு மேடையில் ஆடும் நிகழ்ச்சி. மேடை போட்டாயிற்று, நோட்டீஸ் அடித்தாயிற்று, குழுவுக்கு முன்பணமும் போய்விட்டது. போலீஸ் அனுமதிதான் வரவில்லை.

நானும் அந்த வாசலில் நின்றவன்தான். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் விழாக் கமிட்டியில் கணக்கு எழுதுவது பல ஆண்டுகளாக என் வேலை. ஊரில் மனு எழுதத் தெரிந்தவன் என்ற பெயரும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்துக் கமிட்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சட்டப் பிரிவுகளுக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆபாச ஆட்டம் என்று வழக்குப் பதிவாகும்போது பழி முழுவதும் ஆடிய பெண்கள் மேல் விழுகிறது. ஆனால் மேடைக்குப் பலகை போடப்படுவதற்குப் பல வாரம் முன்பே, கமிட்டிக்காரர் ஒருவர் ஆட்டக் குழுவின் ஏஜென்டிடம் “இந்த வருடம் கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும்” என்று கண்ணைச் சிமிட்டியிருப்பார். அங்கேதான் அந்த வழக்கு ஆரம்பமாகிறது.

யாருக்கு என்ன அதிகாரம்

ஆடல் பாடலுக்கென்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. நான்கு திசையிலிருந்து நான்கு விதிகள் வந்து நம் மேடையில் கூடுகின்றன. அதனால்தான் காவல் நிலையத்தில் ஒரு காரணமும் தாலுகா அலுவலகத்தில் வேறொரு காரணமும் சொல்லி அலைய விடுகிறார்கள்.

முதலாவது ஆபாசம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவாக இருக்கிறது. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும்படி ஆபாசச் செயல் செய்தாலோ, ஆபாசப் பாட்டுப் பாடினாலோ மூன்று மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். எது ஆபாசம் என்று அந்தப் பிரிவு விளக்கவில்லை. பாதுகாப்புக்கு வந்த அதிகாரியின் கண்ணும் காதும்தான் அந்த இரவில் அளவுகோல். உங்களுக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்டால் எது சாட்சி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது ஒலி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அது அரசின் அதிகாரம். ஆய்வாளரோ நாட்டாண்மையோ எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க முடியும். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 என்பது அளவு. நம் மைக்செட்காரர்களுக்கு அந்த எண் ஒரு நகைச்சுவை. ஆனாலும் யாராவது மனு கொடுத்தால் அந்த எண்ணை வைத்துத்தான் உங்களைக் கேள்வி கேட்பார்கள்.

மூன்றாவது பொது அமைதி. மாநகர எல்லைக்குள் சென்னை மாநகரக் காவல் சட்டம் செல்லும். 1888-ஆம் ஆண்டுச் சட்டமான அதை 1987-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து மதுரைக்கும் கோவைக்கும் நீட்டித்தார்கள். ஆகவே மாநகரில் மனு காவல் ஆணையர் அலுவலகம் வரை போகும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களுக்கு நிலைய ஆய்வாளரும் அவருக்கு மேலே துணைக் கண்காணிப்பாளரும்.

நான்காவது இடம். ஊராட்சிப் பொது இடம் என்றால் ஊராட்சி, புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை, கோயில் இடம் அறநிலையத் துறையின் கீழ் வந்தால் செயல் அலுவலர். நான்கு சுவருக்குள் மண்டபத்திலோ விடுதியிலோ பொதுமக்களைக் கூட்டி நடத்துவதானால் அது வேறு கதை. 1888-ஆம் ஆண்டின் பொதுக் கூடுமிடச் சட்டம் உரிமம் கேட்கிறது. திறந்தவெளித் திருவிழா மேடைக்கு அந்தச் சட்டத்தை நீட்டிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மேடையைக் கண்டு அரசு மிரள்வது நேற்று வந்த வழக்கம் இல்லை. வெள்ளைக்காரன் 1876-இல் நாடகச் சட்டம் கொண்டுவந்தான். 1954-இல் நாமே தமிழ்நாட்டுக்கு ஒன்று செய்துகொண்டோம். அதன் முக்கியப் பிரிவுகளை 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை இதே மதுரையில்தான் தொடங்கினார். அவர் எழுதிய வள்ளி திருமணம் இன்றும் எங்கள் பக்கம் விடிய விடிய நடக்கிறது. முருகன் மேடைக்கு வருவதற்கு முன்னால் பபூனும் டான்ஸ்காரியும் போடும் இரட்டை அர்த்தச் சண்டையைக் கேட்டவர்கள், ரெக்கார்டு டான்ஸ் வந்துதான் ஊர் கெட்டது என்று சொல்ல மாட்டார்கள்.

முதல் படி: ஊர்க்கூட்டத் தீர்மானம்

காப்புக் கட்டும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குறைந்தது ஆறு வாரத்துக்கு முன் ஊர்க்கூட்டம் போட்டு, ஆடல் பாடல் எந்த நாள், எந்த இடம், பொறுப்பாளர்கள் யார் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டிலேயே எழுதினாலும் போதும். எல்லாத் தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருப்பது முக்கியம். ஒரு தெரு விட்டுப்போனால் அந்தத் தெருவிலிருந்து எதிர்மனு வரும். எதிர்மனு வந்துவிட்டால் ஆய்வாளர் உடனே “சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்பட வாய்ப்பு” என்று எழுதிவிடுவார், அவர் மேல் தப்பில்லை.

ஊரில் முதல் மரியாதைத் தகராறு ஏதேனும் இருந்தால், தாசில்தார் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை முடிகிற வரை ஆடல் பாடல் பேச்சையே எடுக்காதீர்கள். தேர்தல் அறிவிப்பு வெளியாகியிருந்தால் நடத்தை விதிகளும் சேர்ந்துகொள்ளும். கட்சிக் கொடி, கட்சித் துண்டு, கட்சிப் பாட்டு எதுவும் மேடைப் பக்கம் வரக் கூடாது.

இரண்டாம் படி: குழுவோடு ஒப்பந்தம்

இந்தப் படியைத்தான் எல்லாரும் போனிலேயே முடித்துவிடுகிறார்கள். முன்பணம் அனுப்பியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு தாள் எடுத்து எழுதுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களின் பெயர், முகவரி, வயது. வயதுச் சான்று நகல் கட்டாயம் வாங்குங்கள்; பதினெட்டு நிரம்பாத பெண் ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தாலும் அந்தக் குழு வேண்டாம். “அவளுடைய அக்காதான் ஆடுவாள், இவள் சும்மா துணைக்கு வருகிறாள்” என்று ஏஜென்ட் சொல்வார். துணைக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து பாட்டுப் பட்டியல். முப்பது பாட்டுகளை முன்கூட்டியே எழுதி வாங்கி, கமிட்டியில் இருக்கும் பெண்கள் இரண்டு பேரிடம் காட்டுங்கள். கமிட்டியில் பெண்களே இல்லையா? முளைப்பாரி வளர்க்கும் அக்காமார்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எது வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பார்க்கக்கூடியது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வராது. கமிட்டி ஆண்கள் ஒரு மணி நேரம் விவாதிப்பதை அவர்கள் ஐந்து நிமிடத்தில் அடித்துத் தள்ளிவிடுவார்கள். சாதிப் பெருமை பாடும் பாட்டுகளையும் சேர்த்து அடியுங்கள். நான் பார்த்தவரை எங்கள் பக்கம் ஆடல் பாடலில் நாற்காலி பறந்த இரவுகளில் பாதிக்கு மேல் ஆட்டத்தால் வந்தவை இல்லை. ஒரு தலைவர் பெயரைச் சொல்லும் பாட்டை இன்னொரு முறை போடச் சொன்னதால் வந்தவை. குறவன் குறத்தி ஆட்டமும் பட்டியலில் வேண்டாம். அந்தச் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்ற வழக்கில் மதுரைக் கிளை தலையிட்ட பிறகு, 2023-இல் அரசே அதை நாட்டுப்புறக் கலைகள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

ஒப்பந்தத்தில் கமிட்டியின் கடமைகளும் இருக்க வேண்டும். உடை மாற்றக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை. சாக்கை நான்கு கம்பில் கட்டிவிட்டு அறை என்று சொல்லாதீர்கள். கழிப்பறை, இரவுச் சாப்பாடு, நிகழ்ச்சி முடிந்ததும் பேசிய பணம் முழுவதும். இதை ஏன் எழுத்தில் கேட்கிறேன் என்றால், ஓராண்டு எங்கள் கமிட்டியே “இன்னும் நான்கு பாட்டு ஆடினால்தான் மீதிப் பணம்” என்று பெண்களை மறித்துவிட்டது. மணி பதினொன்றரை. ஒரு பெண் மேக்கப் கலைந்த முகத்தோடு என்னைப் பார்த்து, “அண்ணே, பத்து மணி வரைக்கும்தானே பேச்சு?” என்று கேட்டார். அந்தக் கணக்கு நோட்டில் மீதிப் பணத்தை எழுதும்போது என் கை கூசியது. அடுத்த ஆண்டிலிருந்து தாள் போட ஆரம்பித்தேன்.

மூன்றாம் படி: இடமும் மின்சாரமும்

தேசிய நெடுஞ்சாலையைப் பார்த்து மேடை போடாதீர்கள். திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கம் நான்கு வழிச்சாலையை ஒட்டிய ஊர்களில் இந்த ஒரு காரணத்துக்காகவே மனு தள்ளுபடியாகலாம். வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் ஒரு லாரிக்காரர் போதும். உயரழுத்தக் கம்பிக்குக் கீழே பந்தல் போடக் கூடாது. கம்பத்தில் கொக்கி போடுவது மின்சாரச் சட்டம் 2003-இன் 135-ஆம் பிரிவில் திருட்டு. தற்காலிக இணைப்புக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டிய ரசீதை மனுவோடு சேருங்கள், அல்லது ஜெனரேட்டர் வாடகைச் சீட்டு. கூம்பு வடிவ ஒலிபெருக்கி வேண்டாம், பெட்டி வடிவமே போதும் என்று மைக்செட்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

நான்காம் படி: மனு

மனு இரண்டு பக்கம் போதும். கோயில் பெயர், விழா நாட்கள், ஆடல் பாடல் நடக்கும் தேதி, தொடங்கும் மணி, முடியும் மணி, இடத்தின் சர்வே எண், எதிர்பார்க்கும் கூட்டம், வாகனம் நிறுத்துமிடம், தன்னார்வலர்களின் பெயர், மைக்செட்காரர் பெயர். இதற்கு முந்தைய ஆண்டுகளில் அமைதியாக நடந்திருந்தால் அந்த அனுமதி நகல்களையும் வையுங்கள். ஒருவேளை சண்டை நடந்து வழக்குப் பதிவாகியிருந்தால் மறைக்காதீர்கள். நிலையத்தில் கோப்பு இருக்கிறது; நீங்கள் மறைத்தது மட்டும்தான் புதிதாகத் தெரியவரும். வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, அது எப்படி முடிந்தது, இந்த ஆண்டு என்ன மாற்றம் செய்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஊராட்சியின் தடையில்லாச் சான்றும் சேர வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமென்றால் தனி அலுவலரிடம் போங்கள். மனுவை நிலையத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை தரத் தயங்கினால் வாக்குவாதம் செய்யாமல் வெளியே வந்து, அதே மனுவை நிலையத்துக்கும் துணைக் கண்காணிப்பாளருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த படியில் உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த ரசீதுதான்.

ஐந்தாம் படி: மறுத்தால், அல்லது பதிலே இல்லாவிட்டால்

இரண்டும் வேறு வேறு. எழுத்தில் மறுப்பு வந்தால், அந்த உத்தரவை ரத்து செய்து அனுமதி வழங்கச் சொல்லி வழக்குப் போட வேண்டும். பதிலே வராவிட்டால், மனுவைப் பரிசீலிக்கும்படி ஆணையிடக் கோர வேண்டும். அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் வரும் நீதிப்பேராணை (ரிட்) மனுக்கள் இவை. மனுவே கொடுக்காமல் கோர்ட்டுக்குப் போனால் முதல் கேள்வியிலேயே வழக்கு விழுந்துவிடும். வழக்கைக் கேட்டதும் அரசு வழக்கறிஞர் நிலையத்திலிருந்து விவரம் கேட்பார். நிலையம் என்ன சொல்லும் என்பது, நீங்கள் முன்னால் செய்த நான்கு படிகளைப் பொறுத்தது.

காலக் கணக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மே மாதம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால அமர்வுகள் உண்டு. ஆனால் குறிப்பிட்ட நாட்களில்தான் உட்காரும். நம் சித்திரை, வைகாசிப் பொங்கல்கள் அதே மாதத்தில்தான் வரிசையாக வருகின்றன. ஏப்ரல் கடைசி வாரத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டியதை மே நடுவில் எடுத்துக்கொண்டு ஓடினால், காப்புக் கட்டிய கையோடு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ஆறாம் படி: நிபந்தனைகளை உரக்கப் படிப்பது

உத்தரவு வந்ததும் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பிவிட்டு வேட்டு வெடிக்கிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மதுரைக் கிளையின் இத்தகைய உத்தரவுகளைத் தொடர்ந்து வாசித்தவர்களுக்கு அந்த வரிகள் மனப்பாடம். ஆபாச நடனமோ இரட்டை அர்த்தப் பேச்சோ பாட்டோ கூடாது. கட்சி, மதம், சாதி எதையும் குறிக்கும் பாட்டு, வசனம், பிளெக்ஸ் கூடாது. சாதியின் பெயரால் யாரையும் ஒதுக்கக் கூடாது. கலைஞர்களோ நடத்துபவர்களோ மது, குட்கா உட்கொண்டிருக்கக் கூடாது. குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். மீறினால் அந்த இடத்திலேயே நிறுத்தப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. அசம்பாவிதம் நடந்தால் கமிட்டி பொறுப்பு.

கடைசி வரியில் “கமிட்டி” என்பது மனுவில் கையெழுத்துப் போட்டவர்களைக் குறிக்கிறது. பின்னால் நின்று தட்டிக்கொடுத்தவர்களை இல்லை. எனவே முந்தைய நாள் மாலை கோயில் வாசலில் இளைஞர்களைக் கூட்டி, உத்தரவைத் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். குழுத் தலைவருக்கும் ஒரு நகல், மைக்செட்காரருக்கும் ஒரு நகல்.

நிகழ்ச்சி இரவு

மேடைக்கும் முன் வரிசைக்கும் நடுவே பத்தடி இடைவெளி விட்டுச் சவுக்குக் கட்டை கட்டுங்கள். முன் வரிசையில் பாட்டிகளையும் குழந்தைகளையும் உட்கார வையுங்கள். இதைவிட மலிவான பந்தோபஸ்து நான் பார்த்ததில்லை. சொந்த அப்பத்தா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பேரனும் சட்டையைக் கழற்றிச் சுற்றுவதில்லை.

மேடை ஏறி நோட்டுக் குத்துவது, பணம் வீசுவது இரண்டையும் தொடக்கத்திலேயே மைக்கில் அறிவித்துத் தடுத்துவிடுங்கள். மும்பை நடன பார்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் பல கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அன்பளிப்புத் தரலாம் என்றது. ஆனால் பணம் வீசுவதற்கான தடையைத் தளர்த்தவில்லை. வீசிய நோட்டைக் குனிந்து பொறுக்க வைப்பது என்ன வகை மரியாதை என்று நம் ஊர்க்காரர்களும் யோசிக்கலாம். கொடுக்க விரும்புகிறவர்கள் உறையில் போட்டுக் கமிட்டியிடம் கொடுக்கட்டும், மைக்கில் பெயர் சொல்லிவிடுவோம். பெயர் சொன்னால் போதும், நம்மவர்கள் இரண்டு மடங்கு கொடுப்பார்கள்.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கேமராவில் மேடையை மட்டும் பதிவு செய்யுங்கள். ஆபாசம் என்று புகார் வந்தால் உங்கள் சாட்சி அதுதான். உடை மாற்றும் அறைப் பக்கம் செல்போனோடு யாரும் போகாமல் இரண்டு பெரியவர்களையும் இரண்டு பெண்களையும் காவல் போடுங்கள். கலைஞர் மேல் யாராவது கை வைத்தால் கமிட்டியே புகார் கொடுக்க வேண்டும். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் கொடுமைத் தடைச் சட்டம் ஆட வந்த பெண்ணுக்கும் பொருந்தும். “நம் ஊர்ப் பையன்” என்று மூடி மறைத்தால் அடுத்த ஆண்டு எந்த நல்ல குழுவும் உங்கள் ஊருக்கு வராது. வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முடிவு நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பு மைக்செட்காரர் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். “ஒன்ஸ்மோர்” குரல் அப்போதுதான் எழும். அவர் பார்ப்பது உங்கள் முகத்தை. தலையாட்டாதீர்கள். கடைசிப் பாட்டு அம்மன் பாட்டாக இருக்கட்டும். அதற்குப் பிறகு இன்னொரு குத்துப்பாட்டு கேட்க யாருக்கும் வாய் வராது. ஒலி நின்றதும் மின்விளக்குகளை அணைக்காதீர்கள், கூட்டம் கலைகிற வரை எரியட்டும்.

மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். குழுவின் வேன் ஊர் எல்லை தாண்டும் வரை ஒரு பைக் பின்னால் போகட்டும். மறுநாள் பந்தல் பிரிக்கும்போது தீர்மானம், ஒப்பந்தம், மனு ஒப்புகை, உத்தரவு, வீடியோ எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக் கோயில் பீரோவில் வையுங்கள். எங்கள் பீரோவில் இப்போது ஏழு கோப்புகள் இருக்கின்றன. போன பங்குனியில் மனுவோடு போனபோது ஆய்வாளர் மேலே இருந்த இரண்டை மட்டும் புரட்டிப் பார்த்தார். “முடிவு நேரம் என்ன போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். பத்து என்றேன். கையெழுத்துப் போட்டார்.